இங்கு எதுவும் கற்பிக்கப்படுவதில்லை

லிஃப்ட் சாருக்குச் சான்றிதழ் என்றால் உயிர். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தொழில் அப்படி. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறார். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், பொத்தான்களுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் தாளைத்தான் அவர் கண் முதலில் தேடும். எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ தாங்கும், கடைசியாகச் சோதித்தது யார், அடுத்த சோதனை எப்போது. தாள் இல்லாத லிஃப்டில் அவர் ஏற மாட்டார். ஒன்பதாவது மாடியாக இருந்தாலும் படியில்தான் போவார். பொய்ச் சான்றிதழ் மாட்டியிருந்த ஒரு லிஃப்டைப் பற்றி நாளிதழுக்கு இரண்டு முறை கடிதம் எழுதியிருக்கிறார். ஒன்றுகூடப் பிரசுரமாகவில்லை என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை மூன்று மணி அடித்தால் இதே மனிதர் தமிழாசிரியர். ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்த அறையில் பதினொரு குழந்தைகளுக்கு ஐந்து மணி வரை தமிழ் சொல்லிக்கொடுத்தார். ஏழு வருடமாக நடந்துவருகிறது. கீழே பதினாறு இயந்திரங்கள் துணி துவைக்கும்போது மேலே தரை நடுங்கும். அந்த நடுக்கத்தில் அவர் பலகையில் எழுதும் ண, ந, ன மூன்றும் ஒரே மாதிரிதான் வரும். ஆனாலும் தன்னால்தான் தமிழ் இந்த அந்நிய ஊரில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை.

அப்படியிருக்கும்போது ஒருநாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது ‘பள்ளிநேரத்துக்குப் பிந்தைய மரபுமொழி மற்றும் பண்பாட்டுக் கற்பித்தல் செயல்பாடுகளின் ஒழுங்குமுறை வாரியம்.’ இனி வாரியம் என்றே சொல்லிக்கொள்வோம், முழுப்பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தால் கதைக்கு இடம் போதாது. அறுபது நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்று கடிதம் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் உடனே ஒரு வக்கீலைத் தேடியிருப்பார்கள். இவருக்கோ தலைகால் புரியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மனைவியிடம் போனார்.

“பாத்தியா? அரசாங்கத்துக்கே தெரிஞ்சுபோச்சு.”

“என்ன தெரிஞ்சுபோச்சு?”

“நான் வகுப்பு நடத்துறது.”

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பார். “பதிவு பண்ணலன்னா அறைக்கு சீல் வைப்போம்னு கீழ போட்டிருக்காங்க.”

“அதெல்லாம் ஒழுங்கா நடத்தாதவங்களுக்கு” என்றார் லிஃப்ட் சார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மறுநாளே கிளம்பிவிட்டார்.

வாரியத்தின் அலுவலகம் நான்காவது மாடியில். லிஃப்டில் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது. அட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சான்றிதழ் முடிந்து இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது. படியேறிப் போய், மூச்சு வாங்கிக்கொண்டே மூன்றாம் கவுண்டரில் இருந்த அம்மாவிடம் அதைத்தான் முதலில் சொன்னார்.

“லிஃப்ட் எங்க துறை இல்ல சார்” என்றார் அந்த அம்மா, அறுபத்திரண்டு பக்கப் படிவத்தை எடுத்து வைத்தபடி. (இந்தப் பேச்செல்லாம் ஊர்மொழியில் நடந்தது. நம் வசதிக்காகத் தமிழில் சொல்கிறேன்.)

வாரியத்தை அவசர அவசரமாகத் தொடங்கியிருந்தார்கள். புதுப் படிவம் தயாரிக்க நேரமில்லாததால், உணவுப் பாதுகாப்புத் துறையின் படிவத்தில் ‘உணவு’ என்று வந்த இடங்களில் எல்லாம் ‘மொழி’ என்று மாற்றியிருந்தார்கள். கவுண்டர் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணினியில் ஏற்றினார்.

“மொழி தயாரிக்கப்பட்ட தேதி?”

லிஃப்ட் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் பிறவியெடுத்திருந்தார். “தேதி யாருக்கும் தெரியாதும்மா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலன்னு போடுங்க.”

அம்மா தட்டினார். கணினி பீப் என்றது.

“காலாவதி ஆயிடுச்சுன்னு வருது சார்.”

“மொழி எப்படிம்மா காலாவதி ஆகும்?”

“நான் சொல்லல. சிஸ்டம் சொல்லுது.”

“இன்னிக்குக் காலையில கூட வீட்ல பேசிட்டுத்தான் வரேன்.”

அம்மா குரலைத் தாழ்த்தினார். “காலாவதியானதைப் பயன்படுத்துறது தனிக் குற்றம் சார். நீங்க சொன்னதை நான் காதுல வாங்கலன்னு வெச்சுக்குங்க.”

அடுத்து எழுத்துகளின் பட்டியல். அம்மாவின் விரல் ஓர் இடத்தில் நின்றது. “ஒரே சத்தத்துக்கு மூணு எழுத்து காட்டியிருக்கீங்க. இது இரட்டிப்பு. இல்ல, அதுக்கும் மேல. மூணும் ஏன் வேணும்னு தனித்தனியா நியாயம் எழுதி இணைக்கணும்.”

“ஒரே சத்தம் இல்லம்மா. ஒண்ணுக்கு நாக்கு மேல மடியணும். இன்னொண்ணுக்குப் பல்லுல படணும். கேளுங்க.” வாயைத் திறந்து மூன்றையும் சொல்லிக் காட்டினார். இரண்டாம் கவுண்டரில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பல் டாக்டர் பார்ப்பதுபோல் அந்த அம்மா அவர் வாய்க்குள் குனிந்து பார்த்தார்.

“மூணும் ஒண்ணாத்தான் சார் கேக்குது.”

உண்மையைச் சொன்னால், அவருக்கே மூன்றும் ஒன்றாகத்தான் கேட்டன. இருமலை வரவழைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்.

இருபதாம் பக்கத்தில் பண்பாட்டின் மாதிரி ஒன்று, மூன்று பிரதிகளில், சாதாரணத் தாளின் அளவுக்கு மிகாமல் இணைக்கச் சொல்லியிருந்தது. முந்தைய வாரம் ஒருவர் மத்தளம் கொண்டுவந்தாராம், கோப்புக்குள் போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நாற்பதாம் பக்கத்தில் ஆசிரியரின் தகுதி. மரபுமொழிக் கற்பித்தலில் பட்டம் வேண்டும்.

“அந்தப் பட்டம் எங்கம்மா குடுக்கிறாங்க?”

“கல்லூரி இனிமேதான் திறக்கணும். மூணு வருஷம் ஆகலாம். அங்க பாடம் நடத்த வர்றவங்களும் அதே பட்டம் வாங்கியிருக்கணும்னு விதி. அதனால கொஞ்சம் தாமதம்.”

லிஃப்ட் சாரின் முகம் தொங்கிப்போனது. கவுண்டர் அம்மாவுக்கும் கல்மனசு இல்லை. இழுப்பறையைத் திறந்து ஒரே ஒரு தாளை எடுத்தார். “இன்னொரு வழி இருக்கு சார். பிரிவு பதினாலு, உட்பிரிவு ஆ. ‘கற்றல் ஏதும் நிகழாத குழந்தைக் கூட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்படும்.’ இதுக்கு ஒரு பக்கம்தான். அதிகாரி வந்து குழந்தைங்களைச் சோதிப்பார். சராசரி பத்து மார்க்குக்குக் கீழ இருந்தா சான்றிதழ் குடுத்துடுவார். வகுப்பை நிம்மதியா நடத்தலாம்.” ஒரு கணம் யோசித்துவிட்டுத் தாளை உள்ளே இழுத்தார். “ஆனா உங்களுக்குக் கஷ்டம். ஏழு வருஷமா நடத்தியிருக்கீங்க. குழந்தைங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எப்படி நிரூபிப்பீங்க?”

அந்த ஒரு வாக்கியத்தில் லிஃப்ட் சார் குளிர்ந்துபோய், அந்தத் தாளையே கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தார். நான்கு மாடியும் இறங்கும்வரை அந்தக் குளிர்ச்சி இருந்தது. கீழே வந்தபிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது. இத்தனை வருடம் ஊட்டிய தமிழைப் பிள்ளைகள் எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பார்கள்?

மனைவியிடம் சொன்னார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க கவலையே படாதீங்க” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை, எவ்வளவு ஒளிக்க வேண்டியிருக்கும் என்று அளந்து பார்ப்பதற்காக ஒரு தேர்வு வைத்தார்.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பையனை முதலில் எழுப்பினார். “உங்க வீட்டுல எத்தனை பேர்?” நெட்டை விறைப்பாக நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்துவரை சொல்லி, மூச்சு வாங்கி, உட்கார்ந்துவிட்டான். ‘எத்தனை’ என்ற சொல் காதில் விழுந்தால் எண்ண வேண்டும் என்று அவனுக்குப் பழகியிருந்தது. இரட்டையர்களிடம் எதைக் கேட்டாலும் “அம்மா, ஆடு” என்று ஒருத்தி தொடங்க, “இலை, ஈ” என்று மற்றவள் முடித்தாள். பின்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் ‘உக்காருங்க’ என்றால் வணக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு வாரமும் உள்ளே வந்ததும் சிரித்துக்கொண்டே அதைத்தானே சொல்கிறார். நான்கு வருடமாகத் தொலைபேசியில் தன் அத்தையிடம் அவள் எடுத்தவுடன் “உக்காருங்க” என்று சொல்லிவந்திருக்கிறாள். அத்தையும் ஒவ்வொரு முறையும் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார்.

வாயாடி என்று பெயரெடுத்த ஒன்பது வயதுப் பெண் மட்டும் முப்பத்தொரு மார்க் வாங்கினாள். மற்ற பத்துப் பேரும் சேர்ந்து முப்பத்தைந்து. சராசரி ஆறு.

லிஃப்ட் சார் இரண்டு முறை கையால் கூட்டினார். மூன்றாவது முறை கால்குலேட்டரில் கூட்டினார். ஆறுதான்.

“பத்துக்குக் கீழதானே கேட்டாங்க? சந்தோஷப்பட வேண்டியதுதானே?” என்றார் மனைவி.

“நீ சிரிக்கிற.”

“இல்லங்க. இருமுறேன்.”

“ஏழு வருஷம்! ஒரு சனிக்கிழமை தவறுனது கிடையாது. தொண்டை வத்தக் கத்தியிருக்கேன்.”

“அதான் சொல்றேன். ரெண்டு மணி நேரமும் நீங்களே கத்துறீங்க. அதுங்களை ஒரு நாளாவது வாயைத் திறக்க விட்டிருக்கீங்களா? லிஃப்டுகிட்ட இப்படிப் பேசினா அது கூட எறங்கிப் போயிடும்.”

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வேலை ஒன்று பாக்கி இருந்தது. வாயாடியின் வாயை அடைக்க வேண்டும். தனக்குத் தெரிந்ததோடு நிற்கிற பெண் அல்ல அவள், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் எடுத்துக்கொடுப்பாள். அதிகாரி வரும் நாளில் அவள் நான்கு பேருக்கு எடுத்துக்கொடுத்தால் போதும், சராசரி பத்தைத் தாண்டும், அறைக்கு சீல் விழும்.

எனவே மறுவாரம் விஷயத்தை ஊர்மொழியிலேயே போட்டு உடைத்தார். “ஒரு அதிகாரி வருவார். தமிழ்ல கேள்வி கேப்பார். யாரும் பதில் சொல்லக்கூடாது. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்கணும். இல்லன்னா இந்த அறையைப் பூட்டிடுவாங்க.”

வாயாடி கையைத் தூக்கினாள். வழக்கம்போல ஊர்மொழியில் கேட்டாள்: “என்ன கேப்பார் சார்?”

“உன் பேர் என்னன்னு கேப்பார்.”

“அது தெரியக்கூடாதா?”

“கூடாது.”

“வேற என்னெல்லாம் தெரியக்கூடாது?”

பதினொரு தலைகளும் முன்னால் நீண்டன. ஏழு வருடத்தில் முதல்முறையாக யாருமே கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நெட்டை எழுந்து நியாயமான ஒரு சந்தேகம் கேட்டான். “அவர் கேட்டது கேள்விதானான்னு எனக்கு எப்படி சார் தெரியும்? தெரியாம பதில் சொல்லித் தொலைச்சுட்டா?”

அதுவும் சரிதான் என்று லிஃப்ட் சார் பலகையில் ‘தெரியக்கூடாதவை’ என்று தலைப்பிட்டு எழுத ஆரம்பித்தார். என்ன, எங்கே, எப்போது, யார். பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் குறிப்பேட்டில் இறக்கினார்கள். ஐந்து மணிக்கு, “இன்னும் இருக்கா சார்?” என்று கேட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் அவர்களே ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒருத்தர் திடீரென்று, “உன் செருப்பு கழண்டிருக்கு” என்பார். குனிந்து பார்த்தால் அவுட். “உன் பின்னாடி பெரிய நாய்!” திரும்பினால் அவுட். சிரித்தால் அவுட். அடுத்தவரை அவுட் ஆக்குவதற்குப் புதிது புதிதாக வாக்கியம் வேண்டியிருந்தது. அவுட் ஆகாமல் இருப்பதற்கு அந்த வாக்கியம் முழுசாகப் புரிந்திருக்க வேண்டும். லிஃப்ட் சார் பாட்டுக்குப் பலகையருகே நின்றார். அவரிடம் சொல் கேட்டு வரிசை நின்றது. “சார், பல்லி மேல விழுந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?” “சார், மூக்கு ஒழுகுதுன்னு சொல்லணும்.” வகுப்பே நடத்தாமல் இரண்டு மணி நேரம் போய்விட்டதே என்று அவருக்கு உறுத்தியது.

நான்காவது வாரம் நெட்டையின் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், என்ன சார் பண்ணிவெச்சிருக்கீங்க? இவனுக்குத்தான் ஒண்ணும் புரியாதேன்னு இவன் முன்னாடி என் மாமியாரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசினேன். அப்படியே போய் அவங்ககிட்ட ஒப்பிச்சுட்டான். அதுவும் தமிழ்ல!”

“தமிழ்லயா? தப்பில்லாமலா?”

“சார்!”

ஐந்தாவது வாரம் மறுபடி தேர்வு வைத்தார். சராசரி ஐம்பத்திரண்டு. அறையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடலாம் போலிருந்தது அவருக்கு. ஓடுவதற்குள் நினைவு வந்தது. மறுவாரம் ஆய்வு. பத்துக்குக் கீழே வர வேண்டும். அதுபோக இன்னொன்றும் நெஞ்சைக் குடைந்தது. ஆறாக இருந்தபோது அந்தச் சான்றிதழ் உண்மை. இப்போது பொய். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பொய்த்தாளில்கூட அவர் கை பட்டதில்லை. தப்பான தாளை மாட்டிய லிஃப்டாகத் தானே ஆகிவிட்டது போல மனம் கூசியது.

ஆய்வு அதிகாரி சரியாக மூன்றே காலுக்கு வந்தார். இன்ச் டேப்பை எடுத்து அறையை அளந்தார். ஜன்னலை இரண்டு முறை திறந்து மூடினார். தரை நடுங்குவதைக் கண்டு, “இது பாடத்திட்டத்துல இருக்கா?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவரோடு, கையில் தலையணை அளவு பெரிய அகராதியோடு ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். நூலகத்தில் உட்கார்ந்து பதினான்கே மாதத்தில் தனியாகத் தமிழ் படித்தவர். தமிழ் பேசும் மனிதர் எவரையும் இதுவரை சந்தித்ததில்லை. அதனால் நடுநிலை கெடாது என்று வாரியம் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயாடியைப் பார்த்தார். “சிறுமியே, நின் நாமம் யாது?”

வாயாடி விழித்தாள். நடிப்பாக இருந்தால் இத்தனை நன்றாக வந்திருக்காது.

“நுந்தை ஆற்றும் தொழில் யாது?”

அடுத்தவள் விழித்தாள்.

“ஈண்டு நீவிர் வந்தடைந்தது யாங்ஙனம்?”

நெட்டை தலையைச் சொறிந்தான். வாயாடிக்குப் பொறுக்கவில்லை. அவன் பக்கம் சாய்ந்து, அறை முழுக்கக் கேட்கிற ரகசியக் குரலில், அழகான தமிழில் கேட்டாள்: “இவரு என்னடா பேசுறாரு? உனக்குப் புரியுதா?”

“ஒண்ணுமே புரியல. நடிக்கவே வேண்டாம் போல.”

அதிகாரி உஷாரானார். “என்ன சொல்றாங்க?”

மொழிபெயர்ப்பாளர் அகராதியை அவசரமாகப் புரட்டினார். “‘புரியல’ என்ற சொல் இதில் இல்லை. ‘போல’ என்பது உவமை. எதை எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பது விளங்கவில்லை.” அகராதியை மூடினார். “ஓசைதான் ஐயா. மொழி அல்ல.”

பதினொரு பேரிடமும் கேட்டு முடித்தார். பதினொரு சைபர். அதிகாரி கூட்டினார், வகுத்தார், சரிபார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து நின்றார்.

“நான் எத்தனையோ இடத்துக்குப் போயிருக்கேன். எல்லா இடத்துலயும் ஏதாவது ஒரு குழந்தை எதையாவது கத்துக்கிட்டு இருக்கும். அதனால எங்களுக்கு எவ்வளவு வேலை தெரியுமா? என்ன கத்துக்குச்சு, யாரோட அனுமதியில கத்துக்குச்சு, அந்த நேரத்துல ஜன்னல் திறந்திருந்துச்சா, எல்லாத்துக்கும் கோப்பு போடணும். இங்க அந்தத் தொல்லையே இல்ல. சிலர் எங்களை மொழிக்கு விரோதின்னு சொல்றாங்க. அபாண்டம். மொழி அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும், நாங்களே விழா எடுக்கிறோம். அது குழந்தைங்களுக்குள்ள போறப்பதான் பாதுகாப்புப் பிரச்சினை வருது. ஏழு வருஷம் நடத்தியும் ஒரு குழந்தைக்குக் கூட ஒரு சொல் கூடப் போகாம பாத்துக்கிட்டிருக்கீங்க. இதுக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேணும்! எங்க ஆண்டு மாநாட்டுல நீங்க வந்து பேசணும். மத்த ஆசிரியருங்க உங்ககிட்ட கத்துக்கணும்.”

சான்றிதழை இரண்டு கைகளாலும் நீட்டினார். மேலே ஊர்மொழியில், கீழே மொழிபெயர்ப்பாளரின் தமிழில் அச்சாகியிருந்தது: ‘ஈண்டு யாதும் பயிற்றப்படுவதில்லை என்பது சான்றளிக்கப்படுகின்றது.’

“வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ஒவ்வொரு வருஷமும் முந்தின வருஷத்தைவிட முன்னேற்றம் காட்டணும்.”

“சைபருக்குக் கீழ எப்படிங்க போறது?”

“அதை உங்க திறமைக்கே விட்டுடுறோம்.”

அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் ‘ஒரு சொல் கூடப் போகாம’ என்றது லிஃப்ட் சாரின் நெஞ்சில் தைத்துக்கொண்டு நின்றது. ஆறாக இருந்தபோது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வாசல்வரை போன அதிகாரியைப் பார்த்துத் தன்னை மறந்து கத்தினார்.

“நில்லுங்க! இவங்களுக்குத் தமிழ் தெரியும்!”

அதிகாரி திரும்பினார். “என்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும். அம்பத்திரண்டு சராசரி! நானே கேக்கிறேன், பாருங்க.” வாயாடியிடம் ஓடினார். “உன் பேர் என்னம்மா? சொல்லு.”

வாயாடி அவரைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“நெட்டை! உன் செருப்பு கழண்டிருக்கு!”

நெட்டை குனியவில்லை. கண்ணிமைகூட ஆடவில்லை. செருப்பு உண்மையிலேயே கழன்றுதான் இருந்தது.

“பின்னாடி நாய்! பெரிய நாய்!” யாரும் திரும்பவில்லை. இதுதான் விளையாட்டின் கடைசிச் சுற்று, சாரே இறங்கி ஆடுகிறார் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஏழு வருடத்தில் அவர் சொன்ன சொல்லை அவர்கள் இப்படிக் கேட்டதே இல்லை. லிஃப்ட் சார் குரல் உடைந்து கெஞ்சினார். “கண்ணுங்களா, விளையாட்டு இல்ல. நெஜமாவே சொல்றேன். எனக்காக ஒரே ஒரு வார்த்தை.” இரட்டையரில் ஒருத்திக்கு உதடு துடித்தது. மற்றவள் அவள் காலை மிதித்தாள். இருவரும் கல்லாக நின்றார்கள்.

அதிகாரி திரும்பி வந்து அவர் தோளில் கைவைத்தார். முதல்முறையாக அந்த முகத்தில் மனிதக் களை தெரிந்தது. “வருத்தப்படாதீங்க. எல்லா ஆசிரியருக்கும் இந்த நெனப்பு வரும். குழந்தைங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு தோணும். அதுக்கு எங்ககிட்ட ஒரு படிவம் இருக்கு. ஒன்பதாம் நம்பர். நிரப்பிக் குடுத்தா மனசு ஆறிடும்.”

படிவம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு இருவரும் இறங்கினார்கள். காலடிச் சத்தம் படிகளில் தேய்ந்து, சலவை இயந்திரங்களின் இரைச்சலில் கலந்து, தெருக்கதவு சாத்துகிற ஓசை கேட்டது. அவ்வளவுதான், அறை வெடித்தது.

“என்ன சார் நீங்க! நீங்களே எங்களை மாட்டிவிடப் பாத்தீங்களே!” வாயாடி இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரே நின்றாள். தமிழில்தான் திட்டினாள். “நான் எவ்வளோ கஷ்டப்பட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன், தெரியுமா?”

“எனக்கு கால் அரிச்சுச்சு சார், நான் சொறியலையே!” என்றான் நெட்டை.

“இவ என் காலை மிதிச்சா சார்!”

“நீதான் அழப் பாத்த!”

“சார்தான் அவுட்! சார் அவுட்!”

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். வினையெச்சம் எங்கோ போனது, வேற்றுமை உருபு எங்கோ விழுந்தது. வழக்கமாக ஒரு தப்புக்குப் பாதி வாக்கியத்திலேயே குறுக்கே பாய்கிறவர், வாயைத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டார். திட்டு ஓய்வதற்குள் சான்றிதழ் கைக்குக் கை மாறி, வாயாடி அதைப் பலகையின் விளிம்பில் சாய்த்து வைத்திருந்தாள்.

அவர் அதைப் பார்த்தார். யோசித்துப் பார்த்தால் அந்தத் தாளில் பொய் ஒன்றும் இல்லை. அவர் கற்பித்த ஏழு வருடத்தில் பிள்ளைகள் கற்கவில்லை. பிள்ளைகள் கற்ற ஐந்து வாரத்தில் அவர் கற்பிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சரியான சான்றிதழை அவர் பார்த்ததில்லை.

“சார், அந்த மாமா பேசினதும் தமிழா?” என்று கேட்டாள் வாயாடி.

“தமிழ்தாம்மா.”

“அப்ப அதையும் சொல்லிக் குடுங்க.”

“அது எதுக்கு?”

“அடுத்த வருஷமும் வருவாருல்ல? அதுவும் எங்களுக்குத் தெரியாத மாதிரி இருக்கணுமே.”

அவர் எழுந்து பலகையைத் துடைத்தார். சான்றிதழையே பாடமாக வைத்துத் தொடங்கினார்கள்.

“ஈண்டுன்னா?”

“இங்கே.”

“யாதும்?”

“எதுவும்.”

“நுந்தைன்னாரே?”

“உன் அப்பா.”

நெட்டைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் அப்பாவை அப்படித்தான் கூப்பிடப் போவதாகச் சொன்னான். மணி ஐந்தாகி இருபது நிமிடம் ஆனது. கீழே பெற்றோர்கள் மணியடித்தார்கள், யாரும் அசையவில்லை. வாயாடி குறிப்பேட்டின் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“யாங்ஙனம்னா என்ன சார்?”

லிஃப்ட் சார் பலகையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். எங்கோ படித்த மாதிரி இருந்தது. அந்த ‘ங்ங’ என்ற இடத்தில் வழக்கமாகத் தாண்டிப் போய்விடுவார்.

“அடுத்த வாரம் சொல்றேனே.”

“உங்களுக்குத் தெரியாதா சார்?”

பதினொரு ஜோடிக் கண்கள் அவர்மேல் நின்றன.

“தெரியும்” என்றார் லிஃப்ட் சார். “தெரியாத மாதிரி இருக்கேன்.”

வாயாடி அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட அவளுக்கு அகப்படவில்லை.

“சூப்பர் சார்” என்றாள் மனப்பூர்வமாக. “எங்களைவிட நீங்கதான் நல்லா பண்றீங்க.”